பதில் சொல்லாத கோச்

பந்து தரையில் எழும்பும்போது ‘எழும்பியது’ என்று சொல். மட்டையில் படும்போது ‘பட்டது’ என்று சொல். அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் திமோத்தி கால்வே தம் மாணவர்களுக்குத் தந்த பெயர்பெற்ற பயிற்சி இது. மணிக்கட்டை இப்படித் திருப்பு, காலை அங்கே வை என்ற உபதேசம் இல்லை. கவனம் பந்தின்மேல் நிலைத்ததும் மனசுக்குள் ஓயாமல் குறைசொல்லும் குரல் அடங்கும்; கையும் காலும் தாமே அடியைத் திருத்திக்கொள்ளும். 1974-இல் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ நூலில் இதை எழுதினார். இன்று நிறுவனங்களில் ‘கோச்சிங்’ என்று வழங்கும் முறைக்கு முக்கியமான வேர்களில் ஒன்று அந்த நூல்.

கால்வேயின் வழியைப் பிரிட்டனுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் கொண்டுபோனவர், கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர். அவர் சொன்ன ஒரு சம்பவம் என்னை விடவே இல்லை. டென்னிஸ் வகுப்பில் கூட்டம் மிகுந்துவிட, இந்த முறையில் தேர்ந்த பனிச்சறுக்குப் பயிற்சியாளர்களையே அங்கே அனுப்பினார்கள். அவர்களுக்கு டென்னிஸ் தெரியாது. அதனால் தவறைச் சுட்டிக்காட்டவும் வழியில்லை. என்ன உணர்ந்தாய், பந்து எங்கே விழுந்தது என்று கேட்க மட்டுமே முடிந்தது. மாணவர்கள் நன்றாகவே தேறினார்கள். எல்லாம் தெரிந்த மேலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பதில் நம் நாக்கு நுனியில் இருக்கும்போது அடுத்தவர் யோசிக்க நாம் இடமே விடுவதில்லை.

என்ன வேண்டும், இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறாய்: விட்மோரின் 1992 நூல் பரப்பிய வரிசை இது. ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்ற கேள்வியைத் தவிர்க்கச் சொன்னார் அவர். ‘ஏன்’ என்றதும் எதிரில் இருப்பவர் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார். ‘என்ன நடந்தது?’ என்றால் நடந்தது வெளியே வரும்.

சொல்லித்தராமலே துணைநிற்கும் பயிற்சியாளரைச் செஸ்ஸிலும் பார்க்கலாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி, பன்னிரண்டாவதில் மறுபடியும் தோல்வி. அத்தனைக்கும் பிறகு பதினான்காவதில் நடப்புச் சாம்பியன் டிங் லிரெனை வென்றார். நகர்வுகளை ஆராயப் பயிற்சியாளர் கஜேவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு இருந்தது. மனத்திடத்துக்குத் துணைநின்றவர் பேடி அப்டன். கிரிக்கெட்டிலிருந்து வந்தவர், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்தவர். காய் நகர்த்தச் சொல்லித்தருவது அவர் வேலையே அல்ல.

ஆனால் எல்லா இடத்துக்கும் கேள்வி கேட்கும் இந்த முறை பொருந்தாது. இயந்திரத்தை முதன்முதலாகத் தொடும் தொழிலாளியிடம் ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்பது ஆபத்து. அவருக்கு நேரடியாகச் சொல்லித்தர வேண்டும். மூன்று பேர் வேலையை ஒருவர்மேல் சுமத்திவிட்டு, மனவலிமைப் பயிற்சிக்கு அவரை அனுப்புவது அநியாயம். அங்கே வேண்டியது இன்னும் இரண்டு ஆட்கள். கேள்விகளை அவரிடம் அல்ல, ஆளெடுப்பைத் தடுத்துவைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும்.