நாவும் போதகரும்

யாக்கோபு தமது நிருபத்தின் 5 அதிகாரங்களிலும் பேச்சைக்குறித்து எழுதுகிறார். ஆயினும், நாவைப்பற்றிய மூன்றாம் அதிகாரம் யாரை நோக்கித் தொடங்குகிறது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். போதிப்போருக்கு நியாயத்தீர்ப்பு கடுமையாயிருக்கும் என்பதே அதன் முதல் எச்சரிப்பு. ஆக்கியோன் அதில் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். தமிழ் வேதாகமம் அங்கு வழங்கும் ‘போதகர்’ என்னும் சொல்லாலேயே சபையார் நம்மை அழைக்கின்றனர்.

கடிவாளமும் சுக்கானும் சிறியவை. எனினும் குதிரையையும் கப்பலையும் திருப்புகின்றன. அவ்வாறே போதகரின் நாவு ஒரு சபை முழுவதையும் திருப்பவல்லது. ஒருவர் கண்ணீரோடு நம்மிடம் அறிக்கையிட்டதை, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபைக் கமிட்டியில் நாம் வெளியிட்டால், அவர் அந்த ஆலயப் படியை மறுபடியும் மிதிப்பாரோ? காலையில் ஆசீர்வாதம் கூறிய வாயே மாலையில் தேவசாயலான மனிதரைத் தூற்றலாமோ? இந்த முரண்பாட்டையே 3:9 கண்டிக்கிறது.

நாவை அடக்க மனிதரால் கூடாது என்கிறது எட்டாம் வசனம். அப்படியானால் நமக்கு வழி யாது? பின்வரும் ஊற்றின் உவமை அதைக் காட்டுகிறது: தண்ணீர் கசந்தால் ஊற்றையே சோதிக்கவேண்டும். விரைந்து கேட்கவும், தாமதித்துப் பேசவும், உள்ளத்தில் நாட்டப்பட்ட வசனத்தைச் சாந்தமாய் ஏற்கவும் 1:19-21 நமக்குப் போதிக்கிறது. ஆகையால் நாவடக்கம் செவியில் தொடங்குகிறது. பிரசங்கபீடத்தில் ஏறுமுன் தேவவசனத்தையும், ஆலோசனை கூறுமுன் மந்தையின் துயரத்தையும் நாம் கேட்போமாக.