கல்யாண மோதிரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு மாப்பிள்ளை இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இது முன்னோர் வகுத்த முறை அல்ல; எந்த மதமும் விதித்த சடங்கும் அல்ல. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1980களில் வெளியிட்ட விளம்பரங்கள் பரப்பிய கணக்கு இது. ஜப்பானில் அதே நிறுவனத்தின் விளம்பரங்கள் மூன்று மாதச் சம்பளம் என்றன. மோதிரம் விலை உயர்ந்ததாக இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்கிறவர்கள், அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரும்பில் தொடங்கிய வழக்கம்

மணம் பேசி முடித்ததும் பெண்ணுக்கு மோதிரம் தரும் வழக்கம் பண்டைய ரோமில் இருந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, தம் காலத்திலும் அதற்காகக் கல் பதிக்காத இரும்பு மோதிரமே அனுப்பப்பட்டதாகக் குறித்திருக்கிறார். பின்னாளில் கிறிஸ்தவத் திருமணச் சடங்கில் மோதிரம் நிலையான இடம் பெற்றது. 1549ல் வெளிவந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல், மணமகன் மணமகள் விரலில் மோதிரம் அணிவிக்கும் முறையைச் சொல்கிறது. மோதிரத்தின் எடையோ விலையோ அதில் இல்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மரபாக மோதிரமே இல்லாமல் திருமணம் செய்துவந்தார்கள்.

வைரம் அரச குடும்பங்களின் பொருளாக இருந்தது. 1477ல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததை நகை வரலாறு எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவார்கள். சாதாரண மக்களுக்கு அது எட்டாத பொருள். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு வந்த வைரங்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, அதிலும் கோல்கொண்டா வணிகத்தின் வழியாகச் சென்றவை. ஐரோப்பியக் குடியானவர்களும் கைவினைஞர்களும் வெள்ளி வளையமோ மெல்லிய தங்க வளையமோ மாற்றிக்கொண்டு திருமணத்தை முடித்தார்கள்.

வைரம் மலிந்ததும் வந்த ஏற்பாடு

1867ல் தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆற்றின் பக்கம் வைரம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கிம்பர்லியில் ஆயிரக்கணக்கானோர் நிலத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். அதுவரை அரிதாக இருந்த கல் டன் கணக்கான மண்ணிலிருந்து தொடர்ந்து வெளிவந்தது. எல்லாரும் போட்டி போட்டு விற்றால் விலை சரிந்துவிடும் என்று சுரங்க முதலாளிகள் அஞ்சினார்கள். 1888ல் சிசில் ரோட்ஸ் தலைமையில் டி பியர்ஸ் நிறுவனம் உருவாகி, கிம்பர்லிச் சுரங்கங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலக வைர வரத்தில் மிகப் பெரும்பங்கு அந்த நிறுவனத்தின் விற்பனை அமைப்பு வழியாகவே சென்றது. சந்தைக்கு எவ்வளவு கல் வர வேண்டும் என்பதை லண்டன் அலுவலகம் முடிவு செய்தது. தேவை குறைந்த காலத்தில் கற்கள் வெளியே வராமல் இருப்பில் வைக்கப்பட்டன.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் விற்பனை சரிந்தபோது, வரத்தைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது என்று ஆனது. வாங்கும் ஆசையையும் வளர்க்க வேண்டியிருந்தது. 1938ல் டி பியர்ஸ் நிறுவனத்தின் ஹாரி ஓப்பன்ஹைமர் அமெரிக்காவுக்குப் போய், என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தினார். ஏகபோகத்துக்கு எதிரான சட்டங்களால் டி பியர்ஸ் அப்போது அமெரிக்காவில் நேரடியாக வியாபாரம் செய்ய முடியவில்லை. ஆகவே விளம்பரங்கள் எந்தக் கடையையும் முன்னிறுத்தவில்லை; காதல் என்றால் வைரம் என்ற எண்ணத்தையே விற்றன. திரை நட்சத்திரங்களுக்குக் கிடைத்த மோதிரங்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளுக்குக் கொடுக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளி மாணவிகளிடம் வைர மோதிரம் பற்றிப் பேச ஆட்கள் அனுப்பப்பட்டார்கள்.

1947ல் அயர் நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதிய பிரான்சஸ் கெரட்டி, வைரம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்ற பொருளில் ஒரு வாசகத்தை உருவாக்கினார். வாங்க வைத்ததோடு அந்த வாசகத்தின் பயன் முடியவில்லை. என்றென்றைக்கும் உரிய பொருளை யாரும் விற்க நினைக்க மாட்டார்கள். வீடுகளில் சேர்ந்திருக்கும் பழைய வைரங்கள் சந்தைக்குத் திரும்பினால் புதிய கல்லின் விலை நிற்காது. அவை திரும்பாமல் இருக்கவும் அந்த வாசகம் உதவியது. 1999ல் அட்வர்டைசிங் ஏஜ் இதழ் அதை நூற்றாண்டின் சிறந்த விளம்பர வாசகமாகத் தேர்ந்தெடுத்தது.

வைர மோதிர வழக்கமே இல்லாத நாட்டிலும் இந்த முறை பலித்தது. 1960களின் இறுதியில் ஜப்பானில் டி பியர்ஸ் விளம்பரம் தொடங்கியபோது, மணப்பெண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றார்கள். 1981க்குள் அது ஏறக்குறைய 60 சதவீதமாக உயர்ந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் திருமண வழக்கமே மாறிவிட்டது.

விலைக்கு ஒரு காரணம் இருந்த காலம்

எல்லாம் விளம்பரத்தால் மட்டுமே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிச்சயித்த திருமணத்தை ஆண் முறித்தால், பெண் நீதிமன்றம் சென்று நஷ்டஈடு கேட்க முடிந்தது. 1935ல் இண்டியானா மாநிலம் அந்த வழக்குகளுக்கு முடிவு கட்டியது. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. சட்டப் பேராசிரியர் மார்கரெட் பிரினிக் 1990ல் வெளியிட்ட ஆய்வில் இதையும் வைர மோதிரத்தின் பரவலையும் இணைத்துக் காட்டினார். நிச்சயம் முறிந்தால் பெண்ணின் எதிர்காலம் பாதிக்கப்பட்ட சமூகத்தில், சட்டம் கைவிட்ட பாதுகாப்பை மோதிரம் ஓரளவு கொடுத்தது. கைவிடப்பட்ட பெண்ணிடம் விலையுள்ள பொருள் ஒன்றாவது மிஞ்சும். அப்படிப்பட்ட மோதிரம் மலிவாக இருந்தால் பயனில்லை.

அந்தத் தேவை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. பெண்கள் தாங்களே சம்பாதிக்கிறார்கள். நிச்சயம் முறிந்தால் மோதிரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றே இன்று பல அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் கருதுகின்றன. விலைக்கு இருந்த காரணம் போன பிறகும் விலை மட்டும் தங்கிவிட்டது.

ஒரு காரட் கல்லின் கணக்கு

ஒரு காரட் என்பது 0.2 கிராம். வட்டமாகப் பட்டை தீட்டிய ஒரு காரட் வைரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய தரம் ஆகிய நான்கும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. நிறத்தை டி முதல் இசட் வரையிலான ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். டி என்றால் நிறமே இல்லாதது. அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான வேறுபாட்டை, மோதிரத்தில் பதித்த பிறகு பழக்கமில்லாத கண் பிரித்தறிவது கடினம். விலையிலோ அது தெளிவாகத் தெரியும். முழு ஒரு காரட்டை எட்டிய கல்லுக்கு, அதற்குச் சற்றுக் குறைந்த கல்லைவிட ஒவ்வொரு காரட்டுக்கும் விலை கூடுதல். இரண்டையும் அருகருகே வைத்தாலும் அளவில் வேறுபாடு தெரியாது. அரை காரட், ஒரு காரட் என்ற அளவையே பிடித்துக்கொள்ளாமல் சற்றுக் கீழே வாங்குகிறவருக்கு அதே தோற்றம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

விற்கப் போகும்போது வேறொரு கணக்கு வரும். வைரத்துக்குத் தங்கம்போல அன்றாடச் சந்தை விலை கிடையாது. கடைக்காரருக்கு மொத்த வியாபாரியிடமிருந்தே கல் கிடைக்கும். அதனால் பழைய கல்லுக்குச் சில்லறை விலை தர மாட்டார். வாங்கிய விலையைவிட மிகக் குறைவாகவே திரும்ப வரும். வைர மோதிரத்தை முதலீடு என்று நினைத்து வாங்குவது இதனால் தவறு.

ஆய்வகத்தில் உருவாகும் வைரம் இந்தக் கணக்கை இன்னும் மாற்றிவிட்டது. 1954ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரத்தைச் செயற்கையாக உருவாக்கியது. இன்று அந்த முறையிலும், வாயுவிலிருந்து கார்பனை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறையிலும் நகைக்கேற்ற கற்கள் உருவாகின்றன. அவை போலி அல்ல. மண்ணிலிருந்து எடுத்த வைரத்தைப் போலவே கார்பனால் ஆன படிகங்கள். இரண்டையும் பிரித்தறியக் கருவி வேண்டும். 2023ல் பிரதமர் மோடி அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குப் பரிசளித்த 7.5 காரட் வைரம் இவ்வகையைச் சேர்ந்தது. உற்பத்தி பெருகப் பெருக இவற்றின் விலை வேகமாக இறங்கிவிட்டது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் கல், மண்ணிலிருந்து எடுத்ததன் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கிறது.

மண்ணிலிருந்து வரும் வைரத்தை நம்பி வாழ்வோரும் இருக்கிறார்கள். போட்ஸ்வானா நாட்டின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வைர வருமானம் உதவியிருக்கிறது. சூரத்தில் பட்டை தீட்டும் தொழிலாளர் குடும்பங்கள் லட்சக்கணக்கில் உள்ளன. அதே வைரம் 1990களில் சியரா லியோனில் உள்நாட்டுப் போருக்குப் பணம் கொடுத்தது. அதைத் தடுக்கவே 2003ல் கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. ஆகவே விலையோடு, கல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது.

செலவும் இல்லறமும்

அதிகம் செலவழித்தால் உறவு உறுதியாகுமா என்பதை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலன் இருவரும் ஆராய்ந்தார்கள். திருமணமானவர்களும் முன்பு திருமணமாகியிருந்தவர்களுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் விவரம் சேகரித்து, 2014ல் முடிவை வெளியிட்டார்கள். மோதிரத்துக்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை செலவழித்த ஆண்களுக்கு, 500 முதல் 2,000 டாலர் வரை செலவழித்தவர்களைவிட மணமுறிவு வாய்ப்பு 1.3 மடங்காக இருந்தது. விலை உயர்ந்த மோதிரமே மணமுறிவுக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் அல்ல. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதையே ஆய்வு காட்டுகிறது. கல்யாணக் கடன் தந்த மன உளைச்சல் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அதிகச் செலவு அதிக உறுதியைத் தரும் என்ற விளம்பர வாக்குக்கு அந்த விவரங்களில் ஆதரவு கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு நகைக்கடையில்

தமிழ்நாட்டில் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றுவது இப்போது பல சமூகத்தினரிடமும் காணப்படுகிறது. இந்துக் குடும்பங்களில் திருமணத்தின் அடையாளம் தாலி. மோதிரம் அதோடு சேர்ந்த ஒன்று. ஆகவே மோதிரத்துக்காகப் பெருஞ்செலவு செய்யச் சடங்கிலும் கட்டாயம் இல்லை.

செலவு எங்கே கூடுகிறது என்பதைக் கடையில் தரும் பில்லே காட்டிவிடும். அரைப் பவுன், அதாவது 4 கிராம் மோதிரம் என்றால், முதல் வரி அன்றைய தங்க விலைக்கு எடையின் கணக்கு. அடுத்து சேதாரமும் செய்கூலியும். கல் இருந்தால் அதன் விலை தனி. மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் வரியில் உள்ள தங்கத்துக்கு மட்டுமே நம்பி விலை கேட்கலாம். சேதாரம், செய்கூலி, வரி மூன்றும் திரும்ப வராது. நுணுக்கமான வேலைப்பாடு கூடக் கூடத் திரும்பாத தொகையும் கூடும். கல் பதித்த மோதிரத்தில் கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஹால்மார்க் முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருந்தால் தங்கத்தின் தரத்தைச் சரிபார்க்கலாம். தங்கத்தில் காரட் என்பது எடை அல்ல, தூய்மை; 22 காரட் என்றால் 916 என்று இருக்கும்.

சிக்கனம் காட்டக் கூடாத இடமும் உண்டு. தினமும் விரலில் கிடக்கும் மோதிரம் பாத்திரத்திலும் கதவிலும் வண்டியின் கைப்பிடியிலும் உரசிக்கொண்டே இருக்கும். மிக மெல்லிய வளையம் சில ஆண்டுகளில் நெளிந்துவிடும். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் மெலிந்தால் கல் விழுந்துவிடும். 22 காரட் தங்கம் மென்மையானது என்பதால் வைரத்தைப் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் பதிக்கிறார்கள். கல்லைப் பெரிதாக்கச் செலவழிப்பதைவிட வளையத்தைக் கெட்டியாகச் செய்வதற்குச் செலவழித்தால் மோதிரம் நீண்ட நாள் உழைக்கும்.

மோதிரம் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கு வரலாற்றிலும் சமயத்திலும் கட்டாயம் இல்லை. முன்பு இருந்த பொருளாதாரக் காரணமும் இன்று இல்லை. வசதி இருந்து, இருவரும் விரும்பினால் விலை உயர்ந்ததை வாங்குவதில் தவறும் இல்லை. ஆனால் அந்த முடிவு இருவரும் சேர்ந்து எடுத்ததாக இருக்க வேண்டும். மாதத் தவணையாகவோ வட்டியாகவோ புதுக் குடித்தனத்தின் மேல் ஏறக் கூடாது. சம்பளத்தில் இத்தனை மாதம் என்று கணக்குப் போடுவதைவிட, கடன் வாங்காமல் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போடுவதே குடும்பத்துக்கு நல்லது.