காணாத நீரும் விசாரிக்கிற கடவுளும்

கவலையைக் குறித்து அருளுரை ஆற்றும்போது மத்தேயு 6:25-34 பகுதியை எடுத்துக்கொள்ளாத போதகர் நம்மில் எவருமிலர். ஆகாயத்துப் பறவைகளும் காட்டு மலர்களும் எளிதாகக் கைக்கு வந்துவிடுகின்றன, கேட்போரும் தலையசைக்கின்றனர். ஆயினும் கூடலூர்ப் பகுதியில் திருப்பணியாற்றும் நமக்கு அதனை அவ்வளவு எளிதாகப் பேசிவிட முடிவதில்லை. இங்குள்ள சபையாரின் கவலைக்கு ஓர் அளவுகோல் உண்டு. அது அடிக்கணக்கில் நாளிதழில் அச்சாகி வருகிறது. அதுவே பெரியாறு அணையின் நீர்மட்டம்.

அந்த அணை மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. கர்னல் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. வெள்ளம் வேலையை அடித்துச் சென்றதும், காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் தொழிலாளர் பலர் மாண்டதும் அதன் வரலாற்றில் உண்டு. அரபிக்கடலை நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல்லை விளைவித்து, வைகையோடு சேர்ந்து மதுரைக்கும் அப்பாலும் செல்கிறது. கூடலூர் வயலில் நின்று பார்த்தால் அந்த ஏரி தெரியாது; மலைதான் தெரியும்.

காணாத பராமரிப்புக்கு இதைவிட நல்ல உவமை ஏது? நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தோம். இப்போது சற்றுத் தயங்குகிறோம்.

உபாகமம் 11:10-12 இரண்டு நிலங்களை எதிரெதிரே நிறுத்துகிறது. எகிப்து, மனிதன் தன் காலால் நீர் பாய்ச்சும் நிலம். கானான், வானத்து மழையைக் குடிக்கும் நிலம். நேர்மையாகப் பார்த்தால் நம் பள்ளத்தாக்கு எகிப்தின் பக்கமே நிற்கிறது. மதகைத் திறக்க அரசாணை வேண்டும். ஆனால் அந்த ஏரியை நிரப்ப எந்த அரசாணையும் போதாது. தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில், ஜூன் முதல் வாரத்து நீர்த்திறப்பு தள்ளிப்போவதை உழவர் அறிவர். ஆகவே நாம் எகிப்தியருமாயிருக்கிறோம், கானானியருமாயிருக்கிறோம்.

கானானைக் கடவுள் 'விசாரிக்கிற' தேசம் என்கிறது நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. 1 பேதுரு 5:7-லும் அதே சொல்லே வருகிறது. மூலச் சொற்கள் வேறு: எபிரேயத்தில் தேடுதல் என்னும் பொருளுடைய தாராஷ், கிரேக்கத்தில் அக்கறையைக் குறிக்கும் மெலெய். தமிழில் விசாரம் என்றால் கவலை. விசாரிப்பு என்றால் பராமரிப்பு. நம் கவலையை ஏற்றுக்கொள்பவர் தாமே விசாரமுள்ளவர் என்பதை இந்தச் சொல் மூலத்தையும் மிஞ்சிக் காட்டுகிறது என்று நாம் எண்ணுவதுண்டு.

மத்தேயு 6-இலும் பிலிப்பியர் 4:6-இலும் விலக்கப்படும் 'மெரிம்னாவோ' என்னும் வினைச்சொல், பிலிப்பியர் 2:20-இல் தீமோத்தேயுவுக்குப் புகழாக வருகிறது. அவன் அவர்களுக்காக உண்மையாய்க் கவலைப்படுகிறவன் என்று பவுல் பாராட்டுகிறார். 2 கொரிந்தியர் 11:28-இல் பவுலையே சபைகளைக் குறித்த கவலை நாடோறும் நெருக்குகிறது. எனவே திருமறை கவலையை முழுவதுமாக ஒழிக்கச் சொல்லவில்லை. யாருக்காகக் கவலை என்பதே கேள்வி. மாணவர்கள் இதனைச் சொல்லாராய்ச்சி என்று கடந்துவிட வேண்டாம். இந்த ஊரில் அதற்கு ஊரின் பெயரும் ஆண்டும் உண்டு.

152 அடியாயிருந்த நீர்மட்டம், அணையின் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தால் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2011 இறுதியில் சச்சரவு முற்றியபோது, பள்ளத்தாக்கின் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டனர். மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தொழிலாளர் அஞ்சித் திரும்பினர். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், அணை உறுதியானதென ஏற்று, 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அந்த அளவை எட்டியது. இங்கே நன்றி சொன்னோம். அதே இரவுகளில் வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் சப்பாத்திலும் மழையின் ஓசையைக் கேட்டு உறங்காதிருந்தோர் உண்டு. நமக்கு விடையாய்ப் பெய்த மழையே அவர்களுக்கு அச்சமாய்ப் பெய்தது.

நியாயம் தமிழ்நாட்டின் பக்கம் இருந்தது என்பதே நம் எண்ணம், அதை மறைக்கவில்லை. ஆனால் நியாயத் தீர்ப்பினால் ஒருவருடைய அச்சம் நீங்கிவிடுவதில்லை. கடவுளை நம்புங்கள் என்று அணைக்குக் கீழே குடியிருப்போரை நோக்கி நாம் இங்கிருந்து சொல்வதும் தகாது. கால்வின் தம் பெருநூலின் முதற்புத்தகம் 17ஆம் அதிகாரத்தில், நம் வாழ்நாளின் எல்லையைக் குறித்த கடவுளே அதைக் காக்கும் பொறுப்பையும் வழிவகைகளையும் நம்மிடம் ஒப்படைத்தார் என்னும் கருத்தை வலியுறுத்துகிறார். அணையைச் சோதிப்பதும் பழுதுபார்ப்பதும் அவநம்பிக்கையல்ல.

ஓர் ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு முன் ஜெபக்கூட்டத்தில், மலைக்கு அப்பாலுள்ளவர்களுக்காகவும் மன்றாடலாம் என்றோம். வயதில் மூத்த உழவர் ஒருவர் எழுந்து, "நீர்மட்டம் ஏறட்டும் என்று ஜெபிப்பதா, இறங்கட்டும் என்று ஜெபிப்பதா, ஐயா?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அளவைக் கடவுளிடம் விட்டு, மழைக்காகவும் இரு பக்கத்தார் உறக்கத்துக்காகவும் ஜெபித்தோம். மறுவாரம் அவரே, எவரும் கேட்காமலே, தம் ஜெபத்தில் வண்டிப்பெரியாற்றின் பெயரைச் சொன்னார்.