கம்ப்யூட்டர் சந்தேகப்பட்ட எண்கள்

ஓசோன் மண்டலத்தில் ஓட்டை விழுந்த கதை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஓட்டையை வானத்திலிருந்து அளந்த செயற்கைக் கோளின் கணக்கைக் கம்ப்யூட்டர் முதலில் நம்பவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் "நாசா" நிறுவனம் 1978-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி "நிம்பஸ்-7" என்ற செயற்கைக் கோளை ஏவியது. நிம்பஸ் வரிசைக் கோள்கள் வானிலை ஆராய்ச்சிக்காக ஏற்பட்டவை. இந்த ஏழாவது கோளில் "டாம்ஸ்" என்ற கருவி இருந்தது. பூமியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர்களை அது 6 அலைநீளங்களில் அளந்தது. ஓசோன் சில அலைநீளங்களை அதிகம் விழுங்கும். சிலவற்றைக் குறைவாக விழுங்கும். திரும்பி வந்த ஒளியில் எது எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், அந்த இடத்துக்கு மேலே ஓசோன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இப்படி வெயில் படும் இடங்களுக்கெல்லாம் நாள்தோறும் ஓசோன் படம் கிடைத்தது.

இரண்டு நாணய கனம்

ஓசோனை அளக்கும் அலகுக்கு "டாப்சன்" என்று பெயர். நம் தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் ஏறக்குறைய 3 மில்லி மீட்டர் கனம்தான் வரும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய அளவு! அதுவே 300 டாப்சன். சூரியனின் கொடிய புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்துவது இந்த மெல்லிய திரைதான். திரை கிழிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்களும் பாதிக்கப்படும்.

180 என்ற கோடு

டாம்ஸ் கருவி நாள்தோறும் அனுப்பிய அளவுகளை மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதி வைத்தார்கள். 180 டாப்சனுக்குக் கீழே ஒரு அளவு வந்தால் "பிழையாக இருக்கலாம்" என்று அதற்கு அடையாளம் போட வேண்டும். அவ்வளவு குறைந்த ஓசோனை அதுவரை நம்பத் தகுந்த விதத்தில் யாரும் அளந்ததில்லை. எனவே கோட்டுக்குக் கீழே வருவது கருவிக் கோளாறாகவோ கணக்குக் கோளாறாகவோ இருக்கும் என்று எண்ணியதில் தவறில்லை.

ஆபீசில் கணக்கு எழுதுபவர்களுக்கு இது புதிதல்ல. பொருந்தாத தொகையை "சஸ்பென்ஸ்" கணக்கில் போட்டு வைப்பார்கள். அதை அடித்துவிடுவதில்லை, பிறகு பார்க்க நிறுத்தி வைக்கிறார்கள்.

தென் துருவத்தில் குவிந்தவை

1983 அக்டோபர் மாதத்து அளவுகளை நாசா விஞ்ஞானிகள் 1984 ஜூலையில் சரிபார்த்தனர். சந்தேக அடையாளம் விழுந்த எண்கள் திடீரென்று பெருகியிருந்தன. அவை அண்டார்டிகா கண்டத்துக்கு மேலே குவிந்து கிடந்தன.

கருவி கெட்டுவிட்டதா என்று அறிய, தென் துருவத்தில் உள்ள அமெரிக்க நிலையத்தின் தரைக் கருவி காட்டிய அளவோடு ஒப்பிட்டார்கள். அங்கே சுமார் 300 என்று இருந்தது! செயற்கைக் கோளின் கணக்குக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. ஆனால் கோளாறு தரைக் கருவியில்தான் என்று பிறகு தெரிந்தது. அதைத் தவறான அலைநீளத்தில் வைத்து அளந்திருந்தார்கள். நிறுத்துப் பார்க்க எடுத்த எடைக்கல்லே தவறு!

பவன் பார்த்தியா முதலிய விஞ்ஞானிகள் தங்கள் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எண்கள் உண்மையே என்ற முடிவுக்கு வந்தனர். 1985 ஆகஸ்டில் பிராக் நகரில் நடக்க இருந்த மாநாட்டில் இதை வெளியிட ஏற்பாடு செய்தனர்.

முந்திக் கொண்டவர்கள்

அதற்குள் 1985 மே மாதம் "நேச்சர்" பத்திரிகையில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அண்டார்டிகாவில் ஹாலி விரிகுடா நிலையத்தில் தரையிலிருந்தே பல்லாண்டுகளாக அளந்து வந்தவர்கள் பிரிட்டிஷார். அக்டோபர் மாதச் சராசரி சுமார் 300-லிருந்து சுமார் 200-க்கு இறங்கிவிட்டது என்று கட்டுரை காட்டியது. உலகம் திடுக்கிட்டது.

ஒரு நிலையத்தின் அளவு ஒரு இடத்தைத்தான் காட்டும். ஓட்டை கண்டம் அளவுக்குப் பரந்திருப்பதைக் காட்டியது நிம்பஸ் படம்தான்.

"கம்ப்யூட்டர் அந்த அளவுகளைக் குப்பையில் போட்டுவிட்டது" என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அடையாளம் போட்டதே தவிர, எதையும் அழிக்கவில்லை. அதனால்தான் பழைய கணக்குகளை எடுத்து மறுபடி பார்க்க முடிந்தது.

பலன் என்ன?

குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன் வாயுக்களே காரணம் என்று உறுதிப்பட்டது. 1987 செப்டம்பர் 16-ந் தேதி மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. இன்றைய கட்டுப்பாடுகள் நீடித்தால் அண்டார்டிகாவில் ஓசோன் 2066 வாக்கில் 1980-ம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று 2023 ஜனவரியில் வெளியான ஐ.நா. அறிக்கை கூறுகிறது.

கம்ப்யூட்டருக்கு எல்லைக் கோடு போடாமல் தீராது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் அதுவரை கண்டதை வைத்தே போட்டார்கள். காணாதது வந்தால் அதுவும் பிழை போலவே தோன்றும். சஸ்பென்ஸ் கணக்கில் ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், பைலை எடுத்துப் பார்ப்பது சீனியர் கிளார்க்கின் வேலை. 1984-ல் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு உலகம் நன்றி சொல்ல வேண்டும்.