கடையில் வாங்கிய மீனை ஓடையில் விடலாமா?

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன்கள் கூடிவிட்டன. “ஓடையில் விட்டுவிடலாமா அக்கா? பாவம், சுதந்திரமாக நீந்தட்டும்” என்றான் தம்பி.

அவை ஹார்லக்வின் ரஸ்போரா மீன்கள். செம்பு நிற உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் இருக்கும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இந்த மீன், நீ சூன் சதுப்புக்காட்டு ஓடைகளில் இயற்கையாகவும் வாழ்கிறது. சிங்கப்பூரின் பூர்விக நன்னீர் மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி அந்தக் காட்டில்தான் உள்ளன.

“அப்படியென்றால் அதுதானே அதன் சொந்த ஊர்?” என்று மடக்கினான் தம்பி.

நன்னீர் மீனுக்குக் கடல் ஒரு சுவர். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது சிங்கப்பூரும் மலாயாத் தீபகற்பமும் ஒரே நிலமாக இருந்தன. கடல் உயர்ந்ததும் இங்குள்ள மீன்கள் தனித்துவிடப்பட்டன. ஜோகூர் ஓடைகளிலிருந்து புதிய மீன்கள் நீந்திவர வழியில்லை. 1819க்குப் பிறகு நம் காடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்ததால் அவற்றின் வாழிடமும் சுருங்கியது.

கூட்டம் சிறுத்தால் மரபணு வேறுபாடும் குறையும். கோட்பாட்டின்படி, 25 மீன்கள் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் தலைமுறைக்கு 2 விழுக்காடு வேறுபாட்டை இழக்கும். 35 தலைமுறைகளில் பாதி போய்விடும். 500 மீன்கள் இருந்தால் இழப்பு 0.1 விழுக்காடுதான். எண்ணிக்கை பின்னர் ஆயிரமாக உயர்ந்தாலும் இழந்த மரபணு வகைகள் உடனே திரும்புவதில்லை. புதிய நோய் வந்தாலோ நீர் சூடானாலோ, தாக்குப்பிடிக்கும் மீன் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

“நம் மீன்கள் புதிய மரபணுக்களைக் கொடுக்குமே!” தம்பி விடவில்லை.

நல்ல கேள்விதான். அழியும் நிலையிலுள்ள கூட்டத்தில் விஞ்ஞானிகள் சில சமயம் வெளி உயிரினங்களைச் சேர்ப்பதுண்டு. ஆனால், மரபணுவையும் நோயையும் சோதித்த பிறகே அதைச் செய்வார்கள். பண்ணை மீன்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்தவை. நீ சூன் ஓடையின் தேநீர் நிற அமில நீருக்குப் பழகிய மீன்களோடு அவை கலந்தால் அந்தத் தகவமைப்பு நீர்த்துப்போகலாம். ஒட்டுண்ணிகளும் உடன் போகும்.

பிலிப்பீன்ஸின் மிண்டனாவ் தீவில், லனாவ் ஏரிக்கும் அதன் ஆற்றுக்கும் மட்டுமே உரிய 15 மீன் இனங்கள் அற்றுப்போனதாக 2020ல் அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்துசேர்ந்த மீன்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

விசாக தினம் நெருங்கும்போது விலங்குகளை விட வேண்டாமென்று தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் நினைவூட்டுவது இதனால்தான்.

எங்கள் மீன்கள் இப்போது தம்பியின் நண்பன் வீட்டுத் தொட்டியில் நீந்துகின்றன.