வாய்க்குள் தமிழ், திரையில் ஆங்கிலம்

திருப்பதியிலிருந்து அரக்கோணம் போகும் சாயங்கால ரயில். ரேணிகுண்டா தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த மாணவி நோட்டைப் பிரித்தாள். பி.டெக். மூன்றாம் ஆண்டு, சிஸ்கோ நிறுவனம் நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்கிறாள். நெட்வொர்க்கைக் கூறு போடும் சப்நெட் மாஸ்க் கணக்கில், 255.255.255.192 என்று எழுதியிருந்த இடத்தில் பேனா நின்றது. “இருநூத்தி அம்பத்தாறுல நூத்தித் தொண்ணூத்திரண்டு போனா அறுபத்து நாலு” என்று உதடு முணுமுணுத்தது. நாலு கூறு, கூறுக்கு 62 முகவரி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த பக்கத்தில் அதே கணக்கு, ஐந்து வரி ஆங்கிலக் கேள்வியாக இருந்தது. மூன்று தடவை படித்தாள். “கணக்கு வருதுக்கா. என்ன கேக்குறாங்கன்னு புரியறதுக்குள்ள நேரம் ஓடிடுது” என்றாள்.

அந்தத் தேர்வில் நேரம்தான் எல்லாம். மொத்தம் 120 நிமிடம். ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் திரும்பிப் போய்த் திருத்த வழியில்லை. கட்டணம் 300 டாலர், நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். விசைத்தறி ஓட்டும் வீட்டில் அது எத்தனை வாரக் கூலி என்று நகரி, புத்தூர்ப் பக்கம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாஸானாலும் சான்றிதழுக்கு ஆயுள் 3 வருஷம். இந்தத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், ஜப்பானிய மொழியில் எழுதலாம். தமிழிலோ தெலுங்கிலோ எழுத முடியாது.

இந்த மொழிச் சிக்கலுக்கு ஒரு எல்லைக் கதையும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பக்கத்து நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியிலும் பஸ்ஸிலும் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். மூன்று மொழி தெரியும் என்று நாம் பெருமைப்படுகிறோம். மூன்றில் எதில் யோசிப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிட்டோம்.

சொந்தப் பேச்சில் சொன்னால் எவ்வளவு சுலபமாக ஏறுகிறது! டீஃபால்ட் கேட்வே அவளுக்குப் பிடிபடவே இல்லையாம். சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னாராம்: “உங்க ஊருக்குள்ள எங்க போனாலும் நீயே நடந்து போயிடுவ. வெளியூருன்னா ரேணிகுண்டா ஜங்ஷன் வந்துதானே வண்டி மாறணும்? கேட்வே அதுதான்.” பாக்கெட் ட்ரேஸர் என்ற பயிற்சி மென்பொருளில் அவளே இரண்டு ரவுட்டரை இணைத்து, சிவப்பு முக்கோணம் பச்சையாக மாறியதும் கை தட்டினாளாம்.

புரியாத மொழிதான் பிள்ளைகளை டம்ப்ஸ் பக்கம் தள்ளுகிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தேர்வில் வந்த கேள்வியும் விடையும் அடங்கிய அந்த பிடிஎஃப் ஹாஸ்டல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அர்த்தம் தெரியாமலே, முதல் நாலு வார்த்தையைப் பார்த்ததும் ‘சி’ என்று டிக் அடிக்கப் பழகுகிறார்கள். பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். பிடிபடாவிட்டால் இன்னும் மோசம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நெட்வொர்க் படுத்தால் ஏ, பி, சி, டி என்று அங்கே யார் தருவார்கள்?

வேலையே ஆங்கிலத்தில்தானே, இப்போதே பழகட்டும் என்கிறார்கள் விரிவுரையாளர்கள். பழகட்டும். ஆனால் பழக்குவது யார்? 2021-22லேயே பொறியியலைத் தமிழ், தெலுங்கு உட்பட 8 இந்திய மொழிகளில் நடத்த அனுமதி வந்துவிட்டது. லேபில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கேள்வியை வரிவரியாகப் பிரித்துத் தாய்மொழியில் பேச அத்தனை பெரிய அனுமதிகூட வேண்டாம்.

நகரிப் பக்கத்து ஏகாம்பரகுப்பத்தில் இறங்க எழுந்தவளிடம் நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காட்டச் சொன்னேன். ‘எக்ஸெப்ட் – தவிர’, ‘லீஸ்ட் – இருக்கிறதிலேயே கம்மி’, ‘அன்லெஸ் – இல்லாட்டி’ என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதில் நெட்வொர்க் சம்பந்தப்பட்ட சொல் ஒன்றுகூட இல்லை.