கிடந்த கோலத்தில் ஒரு கழுகு

200 அடிப் பறவையால் பறக்க முடியுமா? சடையமங்கலத்துச் சிற்பி அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் கொட்டாரக்கரை பஸ் ஏறினால் சுமார் 50 கி.மீ. தொலைவில் சடையமங்கலம். அங்கே பாறை உச்சியில் மல்லாந்து கிடக்கிறது ஜடாயு. நீளம் 200 அடி, அகலம் 150 அடி, உயரம் 70 அடி. ராவணனின் வாள் பட்டதால் ஒரு சிறகு இல்லை. சினிமா இயக்குநரும் சிற்பியுமான ராஜீவ் அஞ்சலின் படைப்பு. 2018இல் பார்வைக்குத் திறக்கப்பட்டது. (ஜடாயுவுக்கு உரிமை கொண்டாடும் ஊர்கள் வேறும் உண்டு. வைத்தீஸ்வரன்கோவில் ஒன்று, ஆந்திரத்து லேபாக்ஷி இன்னொன்று.)

புராண உயிர்களுக்கு உடல் கொடுக்கும் கலைஞர்களுக்குப் பெரிய தலைவலி சிறகுதான். பறவையின் சிறகு வேறொன்றுமல்ல, அதன் கை. மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாமே இறகுகளுக்குள் இருக்கின்றன. ஆனால் கோயில் கருடனுக்குக் கூப்பிய கைகளும் உண்டு, சிறகுகளும் உண்டு. அந்தச் சிறகுகளுக்குத் தனித் தோள்பட்டை எங்கே? அடித்துப் பறக்கத் தசை எங்கே? பறவையைத் தூக்கும் தசைகள் முதுகில் இல்லை. மார்பில் படகின் அடிக்கட்டை போலத் துருத்தி நிற்கும் எலும்பைப் பற்றியிருக்கின்றன. கோழிக்கு நெஞ்சுக்கறி ஏன் அதிகம் என்பதற்கும் இதுவே விடை. பக்தர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

ஓவியர் ரவி வர்மா கேட்டிருப்பார் போலிருக்கிறது. அவர் 1848இல் பிறந்த கிளிமானூர் இதே பஸ் தடத்தில்தான் இருக்கிறது. அவருடைய 'ஜடாயு வதம்' ஓவியத்தில் ஜடாயுவுக்கு மனித மார்பும் இல்லை, கைகளும் இல்லை. அசல் பறவை. அதனால்தான் வெட்டுப்பட்ட சிறகைப் பார்க்கும்போது நமக்கும் வலிக்கிறது.

இன்னொரு தலைவலி எடை. ஒரு பறவையை அதே வடிவில் இரு மடங்கு நீளமாக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். இன்றுள்ள பறவைகளில் சிறகு விரிப்பில் முதலிடம் அல்பட்ராஸுக்கு: சுமார் 11 அடி. டைனோசர் காலத்து ராட்சதப் பறக்கும் ஊர்வனவே 35 அடியை ஒட்டித்தான் எட்டின. 200 அடிக் கழுகு தரையை விட்டு ஓரடிகூட எழும்பாது.

ராஜீவ் அஞ்சல் அதைப் பறக்கவிடவில்லை. போர் முடிந்து விழுந்த நிலையைத் தேர்ந்தெடுத்தார். கதைக்கும் அதுவே பொருத்தம், கட்டுமானத்துக்கும் அதுவே வசதி. விரித்த இரண்டு சிறகுகளை அந்தரத்தில் நிறுத்தும் பாடு இல்லை. பாரம் முழுவதும் பாறையின் மேல். உள்ளே எலும்பும் தசையும் இருக்க வேண்டிய இடத்தில் கூடங்கள் இருக்கின்றன.

கால்களையும் கவனிக்க வேண்டும். பறவையின் கால் மடங்கும்போது தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே சுருளும். கிளையைப் பற்ற உதவும் அமைப்பு அது. சடையமங்கலத்தில் பற்றிக்கொள்ளக் கிளை இல்லை. வளைந்த நகங்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. கேபிள் காரில் வந்திறங்குபவர்கள் அவற்றை அண்ணாந்து பார்க்கிறார்கள்.